மீட்டலா, நிரப்பலா? கொழும்பின் வெள்ளமும் சதுப்பு நிலமும்

கொழும்பின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் நின்றுகொண்டே எழுதியிருக்கிறார்கள். கப்பல் வந்தது, கறுவா போனது, கோட்டை எழுந்தது, கொடி மாறியது என்று அந்தக் கதை போகும். எமது சமூகத்தின் கொழும்பு வரலாறும் அதே கரையில்தான் தொடங்குகிறது. ஹிஜ்ரி 337 (கி.பி. 948) எனப் படிக்கப்பட்ட கூஃபி எழுத்துக் கல்லையும், 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா 'கலன்பூ' என்று குறித்துவைத்ததையும் நாம் எத்தனையோ தடவை எழுதிவிட்டோம், மேடைகளில் பேசியும்விட்டோம்.

ஊரின் முகத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அதன் முதுகைப் பற்றிப் பேசியது குறைவு. துறைமுகத்துக்குக் கிழக்கே, களனி கங்கைக்குத் தெற்கே பரந்து கிடந்த சேற்று நிலம்தான் அந்த முதுகு. இன்று எம்மவர்களில் கணிசமானோர் வாழ்வது அந்தப் பக்கத்தில்தான். தெமட்டகொடை, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, மீதொட்டமுல்லை என்ற பெயர்கள் மழைக்காலத்துச் செய்திகளில் மாத்திரம் அடிபடுகின்றன. மழை விட்டதும் மறந்துபோகின்றன.

வகுப்பில் ஒருநாள் மழைக்குப் பிறகு ஒரு மாணவன் கேட்டான்: "சேர், தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தானே போகணும்? எங்கட ஊட்டுக்குள்ள மட்டும் ஏன் ஏறி வருது?" கேள்வி புவியியல் பாடத்துக்குரியது போலத் தோன்றும். ஆனால் அதற்கான விடை வரலாற்றில்தான் இருக்கிறது. அந்த வீடு நிற்கும் நிலம் முன்பு என்னவாக இருந்தது, யார் அதை நிரப்பினார்கள், எதன் பெயரால் நிரப்பினார்கள் என்று பார்க்காமல் விடை சொல்ல முடியாது.

நீர் போகும் வழி

முதலில் நீரின் கணக்கைப் புரிந்துகொள்வோம். கொழும்பு தட்டையான ஊர். அதன் உட்புறத் தாழ்நிலங்கள் சில கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்திலோ அதற்கும் குறைவாகவோ கிடக்கின்றன. மலைநாட்டில் பெய்த மழை ஓடிப்போகும். இங்கே பெய்த மழை யோசித்து யோசித்துத்தான் நகரும்.

அது வெளியேற வாசல்கள் சிலவே. தெற்கே வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலைச் சேர்கின்றன. (வெள்ளவத்தை என்பதில் தமிழ்க் காது 'வெள்ளம்' என்று கேட்கும். சிங்களத்தில் அது மணல்தோட்டம்.) வடக்கே முகத்துவாரத்தில் நிலத்துக்கடியால் போகும் சுரங்கக் கால்வாய் கடலுக்கு வழிவிடுகிறது. பாலத்துறைப் பக்கம் நாகலகம் வீதியிலுள்ள மதகு களனி கங்கைக்குத் திறக்கிறது.

சிக்கல் இந்தக் கடைசி வாசலில் இருக்கிறது. மலைநாட்டில் பெருமழை பெய்து களனி கங்கை நிறைந்து வரும்போது, ஆற்றின் மட்டம் நகரத்தின் மட்டத்தை விட உயர்ந்துவிடும். அப்போது மதகைத் திறந்தால் நகரத்து நீர் ஆற்றுக்குப் போகாது. ஆறுதான் நகரத்துக்குள் வரும். ஆகவே கதவை மூடிவிடுகிறார்கள். கதவு மூடிக் கிடக்கும் நேரத்தில் கொழும்பிலும் மழை கொட்டினால் அந்த நீர் எங்கே போகும்? பம்பிகள் இறைக்கும், ஆனால் அவற்றின் வலுவுக்கும் ஓர் எல்லை உண்டு. மிச்ச நீர் எங்கேயாவது காத்திருந்தாக வேண்டும்.

அந்தக் காத்திருப்பு மண்டபம்தான் சதுப்பு நிலம். பன்னும் புல்லும் மண்டிய கொலன்னாவைச் சதுப்பு, ஹீன் எலப் பகுதி, கோட்டையைச் சுற்றிய தியவன்னாத் தாழ்வு ஆகியவை மழைநீரை வாங்கி, பரப்பி, வேகத்தைக் குறைத்து, கால்வாய்கள் தாங்கும் அளவில் மெல்ல விடுகின்றன. கதவு திறக்கும்வரை தேக்கி வைக்கின்றன. ஒரு காணித்துண்டை மண் போட்டு உயர்த்தினால், அங்கே தங்கியிருக்க வேண்டிய நீர் இல்லாமல் போய்விடுவதில்லை. பக்கத்துப் பள்ளத்தைத் தேடிப் போகிறது. மாணவனின் கேள்விக்கு முதல் பாதி விடை இதுதான்.

அரணாக இருந்த சேறு

இந்தச் சேற்றை எமக்கு முன்னிருந்தோர் வேறு கண்ணால் பார்த்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அளகக்கோன் ஜயவர்தனபுரக் கோட்டையைக் கட்ட இடம் தேடியபோது தெரிவு செய்தது சதுப்பால் சூழப்பட்ட ஒரு மேட்டைத்தான். மூன்று புறமும் சேறு காவல் நின்றது. மீதிப் பக்கத்தில் அகழி வெட்டினால் போதுமாக இருந்தது. ஆறாம் பராக்கிரமபாகு அதைத் தலைநகராக்கி, இலங்கை முழுவதையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்தது இந்தச் சேற்று அரணுக்குள் இருந்துதான்.

போர்த்துக்கேயருக்கும் இந்தப் பாடம் கிடைத்தது. 1559இல் முல்லேரியாவில் சீதாவாக்கைப் படையிடம் அவர்கள் படுதோல்வி கண்டது சேற்று வயல்களில்தான். கொழும்புக் கோட்டையைக் காக்க அவர்களும் நீரையே நாடினார்கள். ஓடையை மறித்துத் தேக்கிய நீர்ப்பரப்பே இன்றைய பேர வாவியின் தொடக்கம். 1587-88இல் முற்றுகையிட்ட முதலாம் இராஜசிங்கன், வாய்க்கால் வெட்டி அந்த வாவியை வற்றச் செய்தான். நீரை வடித்தால் கோட்டை பலவீனப்படும் என்பதை முற்றுகையிட்டவனும் அறிந்திருந்தான், உள்ளே இருந்தவனும் அறிந்திருந்தான்.

1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கால்வாய் வெட்டுவதில் கைதேர்ந்தவர்கள். களனியையும் நீர்கொழும்பையும் புத்தளத்தையும் படகுப் பாதையால் இணைத்தார்கள். ஆனால் நகரத்துக்கு வடக்கே முத்துராஜவலையில் அவர்களது கால்வாய் வழியே உவர்நீர் ஏறி நெல்வயல்களைக் கெடுத்தது. பின்னர் பிரித்தானியர் 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாயும் அந்த வயல்களை மீட்டுத் தரவில்லை. அரசனின் செல்வம் என்று பெயர் பெற்ற வயல்வெளி சதுப்பாக நின்றுவிட்டது. நீரின் ஒரு கதவைத் திறக்கும்போது அதன் வழியே வேறு எது உள்ளே வரும் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த மண்ணிலேயே கிடைத்த பழைய சாட்சி அது.

பிரித்தானியர் காலத்தில் கோட்டைக்கு அரண் தேவைப்படவில்லை. துறைமுகத்துக்கும் களஞ்சியங்களுக்கும் புகையிரதத்துக்கும் காணி தேவைப்பட்டது. பேர வாவி துண்டு துண்டாக நிரப்பப்பட்டது. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 65 ஹெக்டெயர். அரணாக இருந்த நீர், இடைஞ்சலாக மாறிய காலம் இது.

கட்டுக்கு உள்ளே, கட்டுக்கு வெளியே

களனி கங்கை அடிக்கடி நகரத்தை நனைத்தது. அதனால் 1924இல் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. ஆற்றோரமாக அணைக்கட்டுகளும் மதகுகளும் அமைந்தன. 1947 ஓகஸ்ட் பெருவெள்ளத்தை இன்றும் மூத்தோர் நினைவுகூர்வார்கள். அந்த அணைக்கட்டு இல்லாத கொழும்பை இன்று யாராலும் கற்பனை செய்ய முடியாது. அது செய்த நன்மையை மறுக்கவும் முடியாது.

ஆனால் ஒரு கட்டு எழும்போது இரண்டு ஊர்கள் பிறக்கின்றன. உள்ளே இருப்பது ஒன்று, வெளியே இருப்பது மற்றொன்று. சேதவத்தையிலும் வெல்லம்பிட்டியிலும் சில பகுதிகள் ஆற்றுக்கும் கட்டுக்கும் நடுவே விடப்பட்டன. அங்கே காணி மலிவு. மலிவான இடத்துக்கு யார் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கொழும்பின் பழைய தோட்டங்களிலும் சந்துகளிலும் நெருக்கம் தாங்காமல் வெளியேறியவர்கள், மகளுக்குச் சீதனமாக ஒரு வீடாவது கொடுக்க வேண்டும் என்று காசு சேர்த்தவர்கள், நகரத்தில் கூலிக்கு வந்து நிலைத்தவர்கள் என எல்லாச் சமூகத்தாரும் அங்கே சேர்ந்தார்கள். எம்மவர் பங்கு அதில் சிறிதல்ல.

2016 மே மாதம் களனி பெருகியபோது கொலன்னாவைப் பிரதேசம் நாட்கணக்கில் நீருக்குள் கிடந்தது. பள்ளிவாசல்களின் மேல்மாடிகளிலும் பாடசாலைகளிலும் மூவினத்தாரும் படுத்தார்கள். சமைத்துக் கொடுத்த இளைஞர்களைப் பற்றி அப்போது நிறைய எழுதினார்கள். நியாயமான பாராட்டுத்தான். வெல்லம்பிட்டியில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது வேறு: "சோறு தந்தவங்களுக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும். ஆனா ஒவ்வொரு முறையும் சோறு மட்டும்தானே தாறீங்க, தம்பி." அந்த வார்த்தைக்கு மறுமொழி சொல்ல என்னிடம் சோற்றை விடப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு சொல்லின் வரலாறு

1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களுக்கென்று ஒரு சபை உருவானது. பின்னர் அதுவே காணி மீட்டல் அபிவிருத்திக் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் பெயரில் உள்ள சொல்லை மும்மொழியிலும் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். சிங்களத்தில் 'கொட கிரீம' என்றார்கள். மேடாக்குதல் என்று நேரே பொருள். ஆங்கிலத்தில் 'ரிக்ளமேஷன்'. தமிழில் அதைப் பின்பற்றி 'மீட்டல்' என்றோம்.

தமிழில் மீட்டல் என்றால் கைவிட்டுப்போன நமது பொருளைத் திரும்பப் பெறுதல். அடகு வைத்த நகையை மீட்கிறோம். எதிரி பிடித்த ஊரை மீட்கிறோம். சதுப்பு நிலம் யாரிடம் அடகில் இருந்தது? எந்த எதிரி அதைப் பிடித்து வைத்திருந்தான்? நீர் தங்கும் நிலம் இயல்பிலேயே நீருக்குரியது. அங்கே மண் கொட்டுவதை மீட்டல் என்று எழுதிப் பழகியதால், ஏதோ நியாயமான உரிமையை நிலைநாட்டுவதுபோல் எமக்கும் தோன்றிவிட்டது. மூன்று மொழிகளிலும் உண்மையைச் சொன்னது சிங்களச் சொல்தான்.

1982இல் தியவன்னாவில் புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டது. ஜெப்ரி பாவாவின் திட்டப்படி சதுப்பைத் தோண்டி வாவியாக்கி, நடுவே தீவில் அதை எழுப்பினார்கள். கட்டிடத்தின் அழகில் குறை சொல்வாரில்லை. நாட்டின் நிர்வாகம் அங்கே நகர்ந்ததும் சுற்றியுள்ள வயல்களும் தாழ்நிலங்களும் விலை ஏறின. லொறி லொறியாகச் செம்மண் வந்து விழுந்தது.

1992 ஜூன் 4ஆம் திகதி 24 மணித்தியாலத்தில் கொழும்பில் 493.7 மில்லிமீற்றர் மழை பெய்தது. பாராளுமன்றத்துக்குள்ளும் நீர் புகுந்தது. 2010 நவம்பரில் ஓரிரவில் 400 மில்லிமீற்றருக்கும் மேலாகப் பெய்தபோது மீண்டும் புகுந்தது. ஏழையின் குடிசைக்கு வழி தெரிந்த நீருக்குச் சட்டம் இயற்றும் சபைக்கும் வழி தெரிந்திருந்தது. கொள்கை மாறுவதற்கு அந்த இரண்டாவது வருகை ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கொள்கை மாறிய விதம்

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. பாராளுமன்றத்தைச் சூழ்ந்த பகுதி 1985இல் பறவைகளுக்கான சரணாலயமாகவும், பெல்லன்வில-அத்திடிய சதுப்பு 1990இல் சரணாலயமாகவும் பிரகடனமாயின. தொண்ணூறுகளில் யப்பானியக் கடனுதவியோடு கால்வாய்கள் அகலமாக்கப்பட்டுக் கரைகள் கட்டப்பட்டன. 2006இல் சட்டம் திருத்தப்பட்டு, அனுமதியின்றித் தாழ்நிலம் நிரப்புவது குற்றமாக்கப்பட்டது. நிரப்புவதற்கென்று பிறந்த கூட்டுத்தாபனமே நிரப்புவோரைத் தடுக்கும் காவலாகவும் ஆனது. அதன் பெயரிலிருந்து 'மீட்டல்' பிற்காலத்தில் நீங்கியும்விட்டது.

2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கால்வாய்கள், பம்பி நிலையங்கள், முகத்துவாரத்தில் புதிய சுரங்கம் என்பவற்றோடு, சதுப்பையும் வெள்ளத் தடுப்பின் ஓர் உறுப்பாக எண்ணியதுதான் அதன் புதுமை. கால்வாயை எவ்வளவு அகலமாக்கினாலும், நீரைத் தேக்கி வைக்க இடமில்லாவிட்டால் பயனில்லை என்பது கணக்கில் தெளிவானது. பத்தகானையில் சதுப்பு நிலப் பூங்கா அமைந்தது. 2016இல் கொழும்புச் சதுப்பு நிலங்களுக்கான முகாமைத்துவ உபாயம் எழுதப்பட்டது. எஞ்சியிருக்கும் சதுப்பு சுமார் 20 சதுர கிலோமீற்றர்.

2018 ஒக்டோபரில் துபாயில் கூடிய ரம்சார் மாநாடு உலகில் முதன்முதலாக 18 நகரங்களை 'ஈரநில நகரம்' என அங்கீகரித்தது. அவற்றுள் ஒரே தலைநகரம் கொழும்பு. துனீசியாவின் கார் எல் மில்ஹ் என்ற பழைய துறைமுக ஊரும் அப்பட்டியலில் உண்டு. கோடிக்கணக்கில் பெறுமதியான காணி நடுவே மீன்பிடிப் பூனை இன்னும் உலவும் தலைநகரம் வேறு எங்கே இருக்கிறது? பெருமைப்படத்தக்க விஷயம்தான்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால்

பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. 'புளூமெண்டல்' என்பது ஒல்லாந்தச் சொல். பூக்களின் பள்ளத்தாக்கு என்று பொருள். அந்தப் பள்ளத்தாக்குதான் வெகுகாலம் கொழும்பின் குப்பை மேடாக இருந்தது. பிறகு குப்பை கொலன்னாவைத் தாழ்நிலத்துக்கு, மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று அந்த மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரம்சார் விருதுக்கு ஒன்றரை வருடம் முன்புதான் இது நடந்தது. ஒரே சதுப்பின் ஒரு முனையில் பலகைப் பாதையும் பறவை பார்க்கும் கூண்டும். மறுமுனையில் ஊரின் கழிவு.

இதில் நகரத்தின் பழைய பழக்கம் ஒன்று தெரிகிறது. யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணும் நிலத்தில் குப்பையைப் போடுவது. அதன் பக்கத்தில், போக்கிடமில்லாதவர்களைக் குடியிருக்க விடுவது. வெள்ளம் வந்ததும் அவர்களையே 'சட்டவிரோதமாகக் கால்வாயை அடைத்தவர்கள்' என்று சொல்வது. கால்வாய்க் கரையில் பலகை வீடு போட்டவரும் நீரைத் தடுக்கிறார் என்பது உண்மைதான். பத்து ஏக்கரை நிரப்பி மதில் கட்டியவரும் தடுக்கிறார். முதலாமவருடைய வீட்டை உடைக்க வருவதற்கு இயந்திரம் தேவை. இரண்டாமவருக்கு ஒரு அனுமதிக் கடிதம் போதும். சதுப்பைக் காக்கும் கொள்கை இந்த இருவரையும் ஒரே தராசில் வைக்காதவரை ஏழைகள் அதை நம்பமாட்டார்கள். அவர்கள் நம்பாத கொள்கையை எந்த வேலியும் காப்பாற்றாது.

எமக்குள்ளும் பேச வேண்டியது உண்டு. வீடு கட்டும்போது முதலில் மண் போட்டு உயர்த்துகிறோம். அடுத்த மழையில் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் போகிறது. அவரும் உயர்த்துகிறார். இப்படியே ஒழுங்கை முழுதும் உயர்ந்து, கடைசியில் மண் போட வசதியில்லாத ஒருவருடைய வீடு மாத்திரம் பள்ளத்தில் நிற்கிறது. அந்த மாணவனின் கேள்விக்கு மறுபாதி விடை அதுதான். தண்ணீர் ஏறி வரவில்லை. சுற்றியிருந்த எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

எமது பிக்ஹு நூல்களில் இதற்கு ஒரு சிந்தனை இருக்கிறது. தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவருக்கு அது உரிமையாகும் என்பது 'இஹ்யாஉல் மவாத்' என்ற பகுதியில் வரும். பலரும் அறிந்தது இது. அதே பகுதியில் 'ஹரீம்' என்றும் ஒன்று பேசப்படுகிறது. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் ஓடைக்கும் அவற்றின் பயன் கெடாமலிருக்கச் சூழ ஒதுக்கப்பட்ட நிலம் அது. அதை எவரும் 'உயிர்ப்பித்து' உரிமை கொண்டாட முடியாது. வெறுமையாகக் கிடப்பதால் அது இறந்த நிலமாகிவிடாது. நீர் அதில் உயிரோடு இருக்கிறது என்பதே அதன் தாற்பரியம். நகர அதிகாரிகள் 'கால்வாய் ஒதுக்கு' என்று சொல்வதும் ஏறத்தாழ இதைத்தான். குத்பாவில் குடிநீர் வீண்விரயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். கான் மேல் கட்டிய கடையைப் பற்றியும், சதுப்பில் கொட்டிய கட்டிட இடிபாட்டைப் பற்றியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பள்ளிவாசல் நிருவாகங்களும் எமது காணி வியாபாரிகளும் இந்த ஒரு சொல்லைக் கையில் எடுத்தாலே பெரிய காரியம்.

கிழக்கில் தோணா என்று ஒரு சொல் உண்டு. மழைக்காலத்தில் ஊருக்குள் நிறையும் நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் தாழ்ந்த நீர்வழி அது. சாய்ந்தமருதில் அதைச் சுற்றிக் குப்பையும் கட்டிடமும் நெருங்கிய கதை கொழும்புக் கதையின் சிறு பிரதி. கொழும்பு 500 வருடங்களில் செய்ததை எமது கிழக்கு ஊர்கள் 50 வருடத்தில் செய்து முடிக்கப் பார்க்கின்றன. அங்கே நிரப்புவதற்கு முன் கேட்பதற்கு இன்னும் நேரமிருக்கிறது.

ஊர் வரலாறு எழுதப் புறப்படும் எமது இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது, முதல் மரிக்கார் யார் என்று எழுதுங்கள். அதோடு, ஊரின் தாழ்நிலம் எது, அதற்கு மூத்தோர் என்ன பெயர் சொன்னார்கள், எந்த வருடம் யார் அதை நிரப்பினார்கள், அந்தத் தண்ணீர் இப்போது யாருடைய வீட்டில் நிற்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். காணி உறுதியில் இல்லாத வரலாறு அது. அடுத்த மழையில் அதுதான் முதலில் தேவைப்படும்.